அருவிக்கு ஓர் ஆள் இடம்

காட்டுப் பாதையில் நூறு பேருக்கு மேல் கூடாது. உள்ளே ஒருவர் குறைந்தால்தான் அடுத்தவருக்குக் கதவு திறக்கும். ஒற்றை இடம் வந்ததும், "நீ பின்னால வா, அருவியில நிக்கேன்" என்று கணவர் முந்திக்கொண்டதில் செண்பகவல்லிக்கு எரிச்சல்.

கதவு திறந்தது.

"வாங்கக்கா, உங்க முறை," என்றான் காவலாளி.

"யாரும் வெளிய வரலையே, தம்பி?"

"வழுக்குப்பாறையில ஒருத்தர் விழுந்துட்டாரு. கைப்பட்டையில நாடி நின்னா, கணக்குல ஓர் ஆள் குறைஞ்சிரும்."

"ஐயோ பாவம்," என்றபடி அவசரமாக உள்ளே கால் வைத்தாள்.

அவன் அவளுக்குப் பட்டை கட்டினான். "பேரு, ஊரு?"

"செண்பகவல்லி, கோவில்பட்டி."

"செத்தவரும் உங்க ஊருதான். தளவாய்னு பேரு."

"எங்க வீட்டுக்காரருய்யா!" கதவைப் பிடித்தபடி சரிந்தாள்.

பின்னால் நின்ற பெண் தோளைத் தட்டினாள். "உள்ள போங்க, இல்லன்னா வழிய விடுங்கக்கா. தண்ணி இன்னிக்கு நல்லா விழுதாம்."