சூடு ஆறட்டும்

குண்டனி நாடு என்ற மலைக்கிராமத்து வீட்டு வாசலில் யுவராஜ் வந்து இறங்கியதும், அப்பா மாதேஸ்வரன் அவனை விட்டுவிட்டு எலெக்ட்ரிக் பைக்கின் பேட்டரியைத்தான் நலம் விசாரித்தார். பன்னிரண்டு கிலோவை இரண்டு கையாலும் தூக்கிவந்து சிமென்ட் தரையில் வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"மலையேறி வந்த சூடு, ஆறட்டும் கண்ணு. ஒரு மணி நேரம் கழிச்சு சார்ஜ் போடலாம்."

"அரை மணி போதாதுங்களாப்பா?"

"அவசரம் ஆகாது சாமி. போர்வை மூடக்கூடாது, மெத்தை மேல வெக்கக்கூடாது, ஆளில்லாத ஊட்ல சார்ஜ் போடவே கூடாது."

"கம்பெனிக்காரனே இத்தனை சொல்லலீங்க!"

பேட்டரி முழுதும் ஏற நாலு மணி நேரம் ஆனது. அதுவரை யுவராஜ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவன் பெருமையாகச் சொன்னான். "அடுத்த தடவை வேகமா ஏத்தற சார்ஜரோட வாரேனுங்க. ஒரு மணி நேரத்துல கெளம்பிரலாம்."

"செரி கண்ணு" என்றார் அப்பா.

மறுநாள் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பேட்டரி கடை ரமீஸ் அந்தச் சார்ஜரை எடுத்து வைத்தபடியே சொன்னார்:

"உங்கப்பாவும் போன வாரம் பஸ் புடிச்சு வந்து வேற சார்ஜர் இருக்குதான்னு கேட்டாருங்க."

"அவருக்கும் வேகமானதுதான் வேணும்னாருங்களா?"

"இல்லீங்க. இதைவிட மெதுவா ஏறறது கெடைக்குமான்னு கேட்டாரு."

யுவராஜ் சார்ஜரைத் தள்ளி வைத்தான். அப்பாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று நேற்று கேட்டோமா என யோசித்தான். பேட்டரி எத்தனை சதவீதம் என்று கேட்டதுதான் ஞாபகத்துக்கு வந்தது.