மொட்டைமாடிப் பொம்மைகள்

பூட்டிக் கிடந்த ஆற்றங்கரை ஆலையை இடித்துவிட்டு, கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக எழும்பப்போகும் குடியிருப்புக்கு மேஜையளவு மாதிரி செய்தவர் பொன்னம்பலம். ஆற்றுக்கு நீல ரெசின் ஊற்றி, அது கல்லாக இறுகிய பிறகுதான் வீட்டுக்குப் போனார். காலையில் வந்து பார்த்தால் ஆறு கரையேறிக் கடைகளின் வாசலில் நின்றது. சுரண்டி எடுத்தார். மறுநாள் கடைகளுக்குள்ளேயே இறுகிப்போய் நின்றது.

“கலவையில கோட்டை விட்டுட்டு ஆத்து மேல பழி போடாதீங்க,” என்றான் விற்பனை மேலாளர் ஜவகர். “நாளைக்கு புக்கிங்.”

“ஒரு வாரமா சுரண்டறேன் சார். என்கிட்ட கத்தி என்ன புண்ணியம்? அதுகிட்ட கத்துங்க.”

புக்கிங் அன்றும் சுரண்டி ஆற்றை அதன் தடத்தில் இறக்கினார். பிறகு, அலுத்துப்போய், கடைவாசல்களில் நிறுத்தியிருந்த நகத்தளவு பொம்மை மனிதர்களை ஒவ்வொருவராகப் பிடுங்கி மொட்டைமாடியில் ஒட்டினார்.

தையற்கடைக்கு இடம் பார்க்க வந்த பெண் மாதிரியை நெடுநேரம் குனிந்து பார்த்தாள். “கீழ கடைப்பக்கம் ஒருத்தரையும் காணோம். எல்லாரும் ஏன் மாடியில நிக்கறாங்க?”

பொன்னம்பலம் வாயைத் திறப்பதற்குள் ஜவகர் முந்திக்கொண்டான்.

“ஆத்தைப் பாக்கறாங்கம்மா.”