பெரிய எழுத்துக்காரர்

பழைய கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘மேப்’ என்றுதான் பெயர். ஊர் வார்டுகளைக் காட்டும் மேப்புக்கு முதல் எழுத்து பெரியது. சாக்கடைக் குழாய்களைக் காட்டும் மேப்புக்கு எல்லா எழுத்தும் சிறியது. அந்தக் கணினிக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. அதனால் இருவரும் இருவராகவே வாழ்ந்தார்கள்.

“பெரிய எழுத்து எல்லோருக்கும் கிடைத்துவிடாது தம்பி” என்பார் வார்டு மேப். சாக்கடை மேப் தன் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் இருவரையும் கேபிள் வழியாகப் புதிய கணினிக்கு அனுப்பினார்கள். “முதலில் நான்தான்” என்று வார்டு மேப் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்து வந்த சாக்கடை மேப்பைக் கணினி வாசலிலேயே நிறுத்தியது.

“இந்தப் பெயரில் ஒருவர் வந்தாயிற்று. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் இங்கே ஒன்றுதான். நீ வந்தால் அவரை அழித்துவிட்டு அந்த இடத்தை உனக்குத் தருவேன். வருகிறாயா?”

உள்ளேயிருந்து வார்டு மேப் குரல் கொடுத்தார். “தம்பி, அவசரப்படாதே. நாம் என்ன வேறு வேறா?”

“இதை அங்கேயே சொல்லியிருக்கலாம் அண்ணே” என்றது சாக்கடை மேப். பிறகு கணினியிடம், “என் பெயருக்குப் பின்னால் ஒரு இரண்டு போட்டுக்கொள். அவர் இருக்கட்டும்” என்றது.

கணினி அப்படியே செய்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வார்டு மேப் தம்பியின் பெயருக்குப் பின்னால் இருந்த இரண்டைப் பார்த்தார்.

“அப்படியென்றால் ஒன்று நான்தானே தம்பி?” என்றார்.