மத்தியான நித்திரை

கொழும்பு, பாமன்கடைப் பகுதியில் இருந்த தன் வீட்டில் மனைவி அருந்ததி போட்ட சோற்றைச் சாப்பிட்டு, ஒரு மணி தொடக்கம் மூன்று மணி மட்டும் குறட்டை விட்டுத் தூங்கிய வரதராசா, வெள்ளவத்தையில் இருந்த தன் மருந்துக் கடைக்குத் தெளிந்த முகத்தோடு வந்து குந்தினார். ஒரு மாதமாகவே அவருக்கு நல்ல நித்திரை.

தோளில் துவண்டு கிடந்த கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள்.

"ஐயா, அலர்ஜிக்குக் குடுக்கிற பாணி மருந்து ஒரு போத்தில் தாங்கோ."

"பிள்ளைக்குத் தோலில கடியோ, மூக்கில தடிமனோ?"

"இல்லை ஐயா, நித்திரை கொள்ள வைக்க."

வரதராசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீயெல்லாம் ஒரு தாயோ? இது தாலாட்டில்லை, மருந்து! கைக்குழந்தைக்கு மூச்சே நிண்டுபோகும். ஒரு சொட்டும் தரமாட்டன்!"

அவள் கண் கலங்கினாள். "யாழ்ப்பாணத்தில இருந்து வந்து ஒரு மாதம் ஐயா. பிள்ளை அழுதால் வாடகை அறையை விட்டு எழும்பச் சொல்லுகினம். வடக்கில இருந்து வந்த ஆக்கள் பொலிஸில பதியவேணும்; அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாட்டி எங்களைப் புலியெண்டு பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

"ஆர் அந்த ஈரமில்லாத சென்மம்? சொல்லு, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற மாதிரிக் கேக்கிறன்!"

"பாமன்கடையில அருந்ததி அன்ரி. பின்பக்க அறையில இருக்கிறம், மனிசன்ர கண்ணில படவே கூடாது எண்டவ. அவவின்ர மனிசன் ஒரு மணிக்கு வந்து படுக்கிறவராம். மூண்டு மணி மட்டும் பிள்ளை மூச்சுக் காட்டக் கூடாதாம்."

வரதராசா எழும்பிப் போய் ஒரு போத்திலை எடுத்து, கடதாசியில் சுற்றி நீட்டினார்.

"கனக்கக் குடுத்திடாதை, பிள்ளை."