அடையாறு வளைவு

1948. ஜவுளிக்கடை சுயம்புலிங்கத்தின் ஸ்போர்ட்ஸ் காரை அடையாறு வளைவில் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார் மெக்கானிக் மெஹபூப் அலி.

"ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் நேராவே போவுது, மொதலாளி. முன் டயரு ரோட்டைப் புடிக்கல."

"நடுவுல வந்த கோளாறா, பாய்?"

"இல்ல, இந்த வண்டிக்குப் பொறவிக் குணமே அதான். முன் ஸ்பிரிங்கை இளக்குனா சரியாயிடும்."

"அப்போ யாரு திருப்புனாலும் திரும்பாதா?"

"வேகமா வந்தா யாரு திருப்பினாலும் திரும்பாது."

சுயம்புலிங்கம் சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

"போன வருசம் ஒருநாள் காலைல, வீட்டை விட்டுப் போயிருலேன்னு எம்மவனை ஏசுனேன். சாயங்காலம் இதே வண்டில வந்து, இந்த வளைவுல மரத்துல மோதிச் செத்துட்டான். வேணும்னே மோதிட்டான்னு நெனச்சுத்தான் அவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையில கெடந்தேன்."

மெஹபூப் அலி தயங்கினார். "ஸ்பிரிங்கை இளக்கட்டுமா, மொதலாளி?"

"வேண்டாம், பாய். அப்படியே இருக்கட்டும். எம்மவன் ஸ்டீரிங்கைத் திருப்பித்தான் பாத்திருக்கான்."