துரையின் எடை

கடைக்குள் வந்ததுமே நேசமணி, சற்று உட்கார்ந்துவிட்டு நிறுக்கலாம் என்று நூல் சிப்பத்தின் மேல் சாய்ந்தாள். மடியில் துரை. எதிர்க்கடை ரேடியோவில் மாநிலச் செய்தி தொடங்கியிருந்தது.

துரை, நேசமணி வீட்டுக் கிழட்டுப் பூனை. பதினைந்து வயதில் ரோமமெல்லாம் திரிதிரியாகிவிட்டது. மிடுக்கு மட்டும் குறையவில்லை.

வாரம் தவறாமல் அதை நிறுத்துப் பார்க்கும்படி மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். நேசமணியின் புருஷன் பவுல்பாண்டியனுக்கு அது பெரிய காரியமில்லை. சங்கரன்கோவில் தறிகளுக்குப் போகும் நூல் மூட்டைகளை நிறுத்துக் கொடுப்பதுதான் இந்தக் கடையில் அவர் உத்தியோகம்.

ஆனால் துரை தராசில் நிற்காது. இரும்புத் தட்டில் கால் பட்டதும் பாய்ந்துவிடும்.

அதனால் நேசமணி அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். முதல் நாளே அவளைத் தனியாக நிறுத்தாயிற்று. சரியாக ஐம்பது கிலோ. தராசுக் கம்பியில் ஐம்பதுக்கான கல்லை மாட்டிவிட்டால், நகரும் குண்டு காட்டுகிற மிச்சம் துரையுடையது. மூட்டைக்குச் சாக்கு எடை தள்ளுவது போலத்தான்.

“அப்போ நான் சாக்கு, உங்க துரைதான் நூலாக்கும்?” என்று அன்றைக்கு அவள் கேட்டதில் முதலாளியே சிரித்துவிட்டார்.

முதலில் நாலு கிலோ. பிறகு மூன்று. போன வாரம் இரண்டு.

பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஜெபத்தில் துரையின் பெயரையும் சேர்த்தார்கள். நேசமணி தன் பங்கு மீனையும் அதற்கே வைத்தாள். தனக்கு இறங்கவில்லை என்பாள். தட்டை நக்கி வைத்தும் துரை இளைத்துக்கொண்டே போயிற்று.

தூக்கினால் கை கடுக்கிறது, முன்னைவிடக் கனக்கிறான் என்று அவள் சொன்னபோது, பாசத்தில் பேசுகிறாள் என்று பவுல்பாண்டியன் விட்டுவிட்டார். துரை போய்விட்டால் இவள் தாங்குவாளா என்பதுதான் அவர் கவலை.

துரை மடியிலிருந்து குதித்தது. சாயங்கால வெயிலில் காய்ந்து இதமாக இருந்த தராசுத் தட்டில் போய், தானாகவே சுருண்டு படுத்துக்கொண்டது.

பவுல்பாண்டியன் மூச்சை அடக்கிக்கொண்டு, மாட்டி வைத்திருந்த ஐம்பது கிலோக் கல்லைக் கழற்றினார். குண்டை இரண்டில் வைத்தார். அதற்கும் கூடுதல் எடை என்று கம்பி மேலே முட்டிக்கொண்டு நின்றது. மூன்றுக்குத் தள்ளினார். இறங்கவில்லை.

நாலில் சமமாக நின்றது.

தராசில் பிசகோ என்று பூனைக்குப் பக்கத்தில் ஒரு கிலோப் படிக்கல்லை வைத்தார். ஐந்து காட்டியது. பிசகில்லை.

“நேசம், துரை இளைக்கவே இல்லட்டி...”

சந்தோஷமாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். திரும்பி, சிப்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தவளைப் பார்த்தார்.

பிறகு துரையை இறக்கிவிட்டார். படிக்கல்லையும் எடுத்தார்.

“நீ தனியா இதுல ஒருக்கா ஏறுதியா?”

“சாக்க யாராவது திரும்ப நிறுப்பாங்களா?” என்று சிரித்தபடி, சிப்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள்.

அவர் குண்டைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஐம்பது கிலோக் கல்லை மாட்டினார்.

கம்பி எழவில்லை.

அந்தக் கல்லைக் கழற்ற அவருக்குக் கை வரவில்லை.