கொடுக்காத மாத்திரை

கண்ணுக்குத் தெரியாது. நன்றாக அடித்தால் செத்துவிடும். அரைகுறையாக அடித்தால், முன்னைவிடப் பலமாக எழுந்து வரும். அது என்ன?

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே, முனீஸ்வரி தன் அம்மாவிடம் இந்த விடுகதையைப் போட்டாள்.

"பாம்பு," என்றாள் நாகஜோதி.

"இல்ல, கிருமி! டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாவ."

"ஆமா, பெரிய விடுகதை," என்று சிரித்துவிட்டு, நாகஜோதி பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்கு ஓடிவிட்டாள்.

இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீட்டு அங்காளம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தோளில் மகன் கௌதம்ராஜ் துவண்டு கிடந்தான். ஆறு வயசுப் பயல்.

"மதினி, இவனுக்கு நேத்துல இருந்து வயித்து வலி. எங்கிட்ட இருந்த மாத்திரையெல்லாம் தீந்துபோச்சு. முனீஸ்வரி சாப்பிடுதுல்லா, அதுல ரெண்டு குடுங்க."

அந்தத் தெருவில் இது வழக்கம்தான். உடம்பு சற்றுத் தேறியதும் மீதி மாத்திரையை யாரும் சாப்பிடுவதில்லை. வீணாக எறிவதும் இல்லை. டப்பாவில் போட்டு வைத்து, கேட்டவர்களுக்குக் கொடுப்பார்கள். இல்லை என்று சொன்னவர் யாரும் கிடையாது.

"இதுக்குப் போய்க் கேக்கணுமா மதினி?" என்று நாகஜோதி அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

முனீஸ்வரி முந்திக்கொண்டாள். மாத்திரை அட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தர மாட்டேன்."

"ஏட்டி!"

"இது முழுசும் நான்தான் சாப்பிடணும். அத்தை, நீங்க தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நாளைக்குக் காட்டிக்கிடலாம் தாயி. இப்பதைக்கு ரெண்டு குடு, வலி அமந்துரும்," என்றாள் அங்காளம்மாள்.

"தர மாட்டேன்!"

நாகஜோதிக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. குடல்வால் வெடித்து, வயிறெல்லாம் சீழ் பரவி முனீஸ்வரி துடித்தாளே, அன்றைக்கு ஓடி வந்தது யார்? தன் புருஷன் விஜயபாண்டியின் ஆட்டோவைக் கிளப்பச் சொல்லி, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவளை மடியில் போட்டுக்கொண்டு போனது இதே அங்காளம்மாள்தான்.

"உன் உசிரைக் காப்பாத்துனவளுக்கு ரெண்டு மாத்திரை குடுக்க மனசு வரலையா? நீயெல்லாம் ஒரு பிள்ளையா?"

பளீரென்று ஓர் அறை விழுந்தது.

"ஐயோ, அடிக்காதீய மதினி! புண்ணு ஆறாத பிள்ளை," என்று பதறினாள் அங்காளம்மாள். "நான் கீழத் தெருவுல கேட்டு வாங்கிக்கிடுதேன்."

அவள் படியிறங்கினாள். கௌதம்ராஜ் தோளில் முனகினான்.

முனீஸ்வரி அவனையே பார்த்தாள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா! வயிறு வலிக்கும்மா! தையல் பிஞ்சுபோச்சு போல!"

நாகஜோதிக்கு உயிரே போய்விட்டது. "பாவி, அடிச்சிட்டேனே! மதினி, அண்ணனைக் கூப்பிடுங்க!"

ஆட்டோ வந்தது. முனீஸ்வரி ஏறவில்லை.

"தம்பியும் வரணும். வந்தாத்தான் ஏறுவேன்."

வலியில் கிடக்கிற பிள்ளையோடு யார் வாதாடுவது? அங்காளம்மாளும் மகனோடு ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் நாகஜோதி தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

அன்றைக்கு அறுவைசிகிச்சை செய்த அதே டாக்டரம்மா, முனீஸ்வரியின் தையலை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். நன்றாகவே இருந்தது.

"எங்கேம்மா வலிக்குது?"

"எனக்கு இல்ல டாக்டரம்மா," என்று முனீஸ்வரி காதோடு சொன்னாள். "அவனுக்கு."

டாக்டரம்மா கௌதம்ராஜின் அடிவயிற்றில் கை வைத்தார். அவன் வீறிட்டான். அடுத்த சில நிமிடங்களில் ஸ்கேன் எடுத்தார்கள். கையில் ஊசி ஏறியது. தள்ளுகட்டிலில் வைத்து ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

"குடல்வால்தான். இன்னும் வெடிக்கல, நல்ல நேரத்துல வந்தீங்க," என்றார் டாக்டரம்மா. "மாத்திரை ஏதும் குடுத்தீங்களா?"

"டப்பாவுல கிடந்தது… நேத்து ஒண்ணு, காலையில ஒண்ணு," என்றாள் அங்காளம்மாள்.

"அது வலியை மட்டும் அமுக்கி வச்சிருக்கு. முனீஸ்வரிக்கும் இதேதான் நடந்தது. யாரோ குடுத்த மாத்திரையில வலி மறைஞ்சு, உள்ள வெடிச்சிருச்சு. கிருமி மாத்திரையையும் ஒண்ணு ரெண்டுன்னு அரைகுறையா அடிக்கடி தின்னு பழகினதுல, கிருமி எந்த மருந்துக்கும் அடங்கல. இருக்கிறதுலயே பெரிய மருந்தை ஏத்தித்தான் பிள்ளையை மீட்டோம்."

அவர் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

நாகஜோதி மகளின் தோளைப் பிடித்தாள்.

"யாருட்டி குடுத்தது? என் பிள்ளையைச் சாகக் கிடத்துனவ யாரு? சொல்லு! அவளை இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்!"

அங்காளம்மாளின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மதினி… அன்னைக்கு நீங்க தறிக்குப் போன பொறவு…" ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்தபடியே நின்றாள்.

முனீஸ்வரியும் அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

"யாரும் குடுக்கல," என்றாள். "நானேதான் எடுத்துத் தின்னேன்."